கேமராவைக் கண்டதும் விறைத்துப்போகும் முகத்தில் இயல்பான பாவனையை வரவழைப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது: நேரில் கலகலவென்று பேசும் ஆள், கேமராவைத் தூக்கியதும் விறைத்துப்போகிறார். "சிரிங்க" என்றால் பல் தெரிகிறது, கண் சிரிக்கவில்லை. ஒளி, ஃபோகஸ் எல்லாம் சரியாக இருந்தும் போர்ட்ரெய்ட்டில் அந்த ஆள் இல்லை. என்ன செய்வது?

"சிரிங்க", "இயல்பா இருங்க", "டென்ஷன் ஆகாதீங்க" என்ற மூன்றையும் இன்றோடு விட்டுவிடுங்கள். மூன்றுமே எதிரில் நிற்பவரின் கவனத்தை அவருடைய சொந்த முகத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்துகின்றன. தன் முகம் எப்படித் தெரிகிறதோ என்று யோசிப்பவர் முகத்தில் அந்த யோசனைதான் பதிவாகும். முகபாவனை என்பது எதற்கோ காட்டும் எதிர்வினை. அதைக் கேட்டு வாங்க முடியாது. செய்ய ஒரு வேலை கொடுக்கலாம், நினைக்க ஒரு விஷயம் கொடுக்கலாம். அந்த வேலை முடிந்த அடுத்த நொடியில் முகத்தில் தானாக வருவதை எடுக்கலாம். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

போலிச் சிரிப்பு ஏன் போலியாகத் தெரிகிறது என்பதற்கு உடற்கூற்றில் தெளிவான விடை உண்டு. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் படம் பிடித்து, 1862-ல் முடிவுகளை வெளியிட்டார். சிரிப்பில் இரண்டு தசைகள் முக்கியம். ஒன்று கன்ன எலும்பிலிருந்து வாயின் ஓரத்துக்கு இறங்குவது. அது உதட்டு ஓரத்தை மேலே இழுக்கும். இன்னொன்று கண்ணைச் சுற்றி வளையமாக இருப்பது; அது கன்னத்தை உயர்த்தி, கீழிமையைச் சற்று மேலே தள்ளி, கண்ணின் வெளி ஓரத்தில் மெல்லிய சுருக்கங்களை உண்டாக்கும். முதலாவது சொன்னபடி கேட்கும். இரண்டாவது பெரும்பாலானவர்களுக்குச் சொன்னபடி கேட்காது. மகிழ்ச்சி வந்தால்தான் அசையும். அதனால்தான் "சிரிங்க" என்றதும் வாய் மட்டும் விரிகிறது. சிலருக்குப் பழக்கத்தால் கண்ணையும் வேண்டுமென்றே சிரிக்கவைக்க வரும். மேடையிலும் கேமரா முன்னும் வேலை செய்பவர்கள் அப்படித்தான். நீங்கள் எடுக்கப்போகிறவர்கள் அவர்களாக இருக்கப்போவதில்லை.

தசையைவிட நேரம் இன்னும் பெரிய சிக்கல். இயல்பான சிரிப்பு மெல்ல எழும்பி, உச்சம் தொட்டு, மெல்ல வடியும். போஸ் சிரிப்பு சட்டென்று வரும், அப்படியே உறையும், சட்டென்று விழும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினால் ஒன்றிலேயே சிரித்துவிடுவார்கள். மூன்று வருவதற்குள் அந்தச் சிரிப்பில் உயிர் போயிருக்கும். பிடித்துவைத்த சிரிப்பு இரண்டு விநாடிக்கு மேல் தாங்காது.

கேமரா வேலை முதலில் முடிந்திருக்க வேண்டும்

முகம் மலரும் நொடியில் நீங்கள் மெனுவைத் திருகிக்கொண்டிருந்தால் எந்த உத்தியும் பயன்படாது. ஆள் வந்து உட்காரும் முன்பே வேறொருவரையோ நாற்காலியின் முதுகையோ வைத்து எக்ஸ்போஷரை (படத்துக்கு வேண்டிய வெளிச்ச அளவை) முடித்துவிடுங்கள். மேனுவல் மோடில், அதாவது அளவுகளை நீங்களே வைக்கும் முறையில், பூட்டிவிட்டால் ஆள் அசையும்போது கேமரா வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே இருக்காது. ஷட்டர் வேகம் 1/250 விநாடி. சிரிக்கும் ஆள் நிறைய அசைவார். 1/60-ல் உதடு மங்கிவிடும். ஃபோகஸ், அசையும் ஆளை விடாமல் பின்பற்றும் தொடர் மோடில், கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் அதோடு இருக்கட்டும்.

அப்பர்ச்சரில் (லென்ஸ் துளையின் அகலத்தில்) பேராசை வேண்டாம். எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. முழு ஃபிரேம் கேமராவில் (பெரிய சென்சார் உள்ளது) 85 மி.மீ. லென்ஸ், ஆள் 2 மீட்டர் தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 1.8-ல் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ. தான். எஃப் 4-ல் அது 13 செ.மீ. ஆகிறது. ஆள் சிரித்துக்கொண்டே முன்னால் சாய்ந்தால் 6 செ.மீ. ஒரு கணத்தில் தீர்ந்துவிடும். அதனால் "அசையாம இருங்க" என்று சொல்லத் தோன்றும். அந்தச் சொல்லோடு இயல்பும் போய்விடும். பின்னணி மங்குவதைவிட அவர் தாராளமாக அசைவது முக்கியம்.

ஒளிக்கும் இதே நியாயம்தான். ஒரு புள்ளியில் மட்டும் சரியாக விழும்படி ஒளியை அமைத்தால் ஆளை அந்தப் புள்ளியில் ஆணி அடித்துவிடுகிறீர்கள். விளக்கு ஒரு மீட்டரில் இருக்கும்போது அவர் 25 செ.மீ. அதை நோக்கி நகர்ந்தால் முகத்தில் வெளிச்சம் ஏறத்தாழ 78 விழுக்காடு கூடும். அதே விளக்கு இரண்டு மீட்டரில் இருந்தால் அதே நகர்வுக்கு 31 விழுக்காடுதான் கூடும். ஆகவே ஒளியைப் பரப்பி மென்மையாக்கும், ஒரு மீட்டர் அகலமுள்ள குடையையோ சாஃப்ட்பாக்ஸையோ ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில், கண்ணுக்குச் சற்று மேலே வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை போதும். நாடகத்தனமான நிழல் கிடைக்காது; ஆனால் அவர் திரும்பலாம், சாயலாம், தலையைப் பின்னால் எறிந்து சிரிக்கலாம். வெளியில் எடுத்தால் வெயிலை முகத்தில் வாங்கவே வேண்டாம். கண் கூசினால் கீழிமை இறுகும், புருவம் நெருங்கும். கோபமான முகம் வந்து நிற்கும். திறந்த நிழல், அல்லது சூரியன் முதுகுப்பக்கம்.

லென்ஸைப் பொறுத்தவரை பேச்சுத் தூரம்தான் அளவுகோல். 85 மி.மீ.-ல் தலையும் மார்பும் அடங்கும் ஃபிரேமுக்கு 2 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். சாதாரணக் குரலில் பேசலாம். அதே ஃபிரேமை 200 மி.மீ.-ல் எடுக்க ஏறத்தாழ 4.7 மீட்டர் போகவேண்டும். குரலை உயர்த்தினால் உரையாடல் கட்டளையாக மாறிவிடும். 35 மி.மீ.-ல் அதே ஃபிரேமுக்காக நெருங்கினால் மூக்கு பெரிதாகும், ஆளும் கூசிப் பின்வாங்குவார். சிறிய சென்சார் கேமராவில் 50 முதல் 56 மி.மீ. இதே வேலையைச் செய்யும்.

கண் சிமிட்டல் தொல்லை கொடுத்தால் சிவப்புக்கண் நீக்கும் முன்ஒளியையும், ஃபோகஸுக்கு உதவும் விளக்கையும் அணைத்துவிடுங்கள். சிலர் ஃபிளாஷின் தானியங்கி முன்மின்னலுக்கே சிமிட்டிவிடுவார்கள். வெளிச்சம் மிக மங்கலாக உள்ள அறையில் ஃபிளாஷ் மட்டும் பளிச்சிட்டாலும் முகம் ஒவ்வொரு தடவையும் பதறும். அறை விளக்கை எரியவிடுங்கள்.

சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் இரண்டு விதமாகவும் முயன்றுபாருங்கள். சிலர் ஒவ்வொரு க்ளிக் சத்தத்துக்கும் போஸை மாற்றுவார்கள்; அவர்களுக்குச் சத்தம் இல்லாததே நல்லது. சிலருக்குச் சத்தம் கேட்டால்தான் "ஏதோ நடக்கிறது" என்று நிம்மதி. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில், மலிவான எல்.இ.டி. விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். ஒரு படம் எடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நிமிடம்

முதல் பத்து நிமிடத்தில் எடுப்பதை வீணாகப் போகட்டும் என்று விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். "இப்ப வெளிச்சம்தான் பாக்கறேன், இதெல்லாம் கணக்கில்ல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கணக்கில்லை என்று தெரிந்ததும் தோள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். சில சமயம் நல்ல படம் அங்கேயே கிடைத்துவிடும், ஆகவே எக்ஸ்போஷர் சரியாகவே இருக்கட்டும்.

கேமராவுக்குப் பின்னால் நிலவும் மௌனம்தான் ஆளை அதிகம் பயமுறுத்துவது. நீங்கள் ஃபோகஸைப் பற்றி யோசித்துப் புருவத்தைச் சுருக்கினால், அவர் "நான் நல்லா இல்லபோல" என்று எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு படத்துக்கும் கேமராத் திரையைப் பார்த்து முகம் சுளிப்பது அதைவிட மோசம். திரையைப் பார்ப்பதைக் குறையுங்கள். குறை தெரிந்தால் "வெளிச்சத்த கொஞ்சம் மாத்தறேன்" என்று பழியை விளக்கின்மேல் போடுங்கள். பாராட்டுவதாக இருந்தால் குறிப்பாகப் பாராட்டுங்கள். "சூப்பர் சூப்பர்" என்பது நாலாவது தடவை காதில் விழாது. "இப்ப தலைய சாய்ச்சீங்கல்ல, அது நல்லா இருந்துச்சு, அப்படியே இருக்கட்டும்" என்றால் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரியும். பாதி நேரம் கடந்தபின், உண்மையிலேயே நன்றாக வந்த ஒரே ஒரு படத்தைக் காட்டுங்கள். அதன்பின் அவரே வேறு ஆளாகிவிடுவார். அதற்கு முன்னால் காட்டாதீர்கள். விறைத்த படத்தைப் பார்த்தால் இன்னும் விறைப்பார்.

ட்ரைபாட் இருந்தால் ஃபிரேமை வைத்துவிட்டு, ரிமோட்டோடு லென்ஸின் பக்கத்திலேயே நில்லுங்கள். அவருக்கு உங்கள் முகம் தெரியும். முகத்தோடு பேசுவது கருப்புப் பெட்டியோடு பேசுவதைவிட எளிது. ஆனால் உங்கள் தலை லென்ஸை ஒட்டியே, ஒரு கையகலத்துக்குள் இருக்கவேண்டும். தள்ளி நின்றால் கண் லென்ஸைத் தவறவிட்டதாகத் தெரியும். லென்ஸை நேராகப் பார்க்கும் படம் வேண்டுமென்றால் பேசி முடித்ததும் "இப்ப லென்ஸ்" என்று ஒரு சொல் போதும்.

இறுக்கம் முகத்தில் தொடங்குவதில்லை

தோள், தாடை, கை, மூச்சு என்ற நாலு இடங்களில்தான் இறுக்கம் உட்கார்ந்திருக்கும். கேமராவைக் கண்டதும் பலர் தம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சுப் பிடித்த கழுத்தில் நரம்பு தெரியும், தோள் காதை நோக்கி ஏறும். "ஆழமா மூச்சு இழுங்க... இப்ப வாய் வழியா மெதுவா விடுங்க" என்று சொல்லி, விட்டு முடிக்கும் தருவாயில் எடுங்கள். உதடு லேசாகப் பிரிந்திருக்கும், தாடை தளர்ந்திருக்கும். தாடை அப்போதும் இறுகியே இருந்தால் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள். வாயைத் திறக்கச் சொன்னால் அசட்டுத்தனமாகத் தெரியும். பல் ஒன்றோடொன்று படாமல் இருந்தாலே போதும்.

நிற்பவர் எடையை ஒரு காலில் போடட்டும். உட்காருபவர் நாற்காலியின் முன்விளிம்பில் உட்கார்ந்து சற்று முன்னால் சாயட்டும். முதுகைச் சாய்த்தால் தாடை உள்ளே போய் இரட்டைத் தாடை விழும். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள்: சட்டைக் கையைச் சரிசெய்வது, நாற்காலி முதுகைப் பிடிப்பது, கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது. ஃபிரேமில் கை வராவிட்டாலும் கொடுங்கள். தொங்கும் கை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும். அந்தத் தவிப்பு முகம்வரை ஏறிவரும்.

திசை சொல்லும்போது "உங்க வலது, இல்ல என் வலது" என்ற குழப்பமே இயல்பைக் கெடுக்கும். உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, "மூக்கு என் கைகூடவே வரட்டும்" என்று சொல்லி மெல்ல நகர்த்துங்கள். தலை எத்தனை டிகிரி வேண்டுமோ அத்தனை திரும்பும். தாடைக்கோடு தெளிவாக வர "நெத்திய என் பக்கம் கொஞ்சம் நீட்டுங்க" என்பது "தாடைய இறக்குங்க" என்பதைவிட நன்றாக வேலை செய்யும். மற்றதையெல்லாம் நீங்களே செய்துகாட்டுங்கள். கண்ணாடியைப் பார்ப்பதுபோல் அவர் பின்பற்றுவார். தொட்டுத் திருத்துவதாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான். தொடாமலே முடியும் என்பதே என் எண்ணம்.

இதெல்லாம் ஒரு நிமிட வேலை. அதற்கு மேல் போஸைத் திருத்திக்கொண்டே இருந்தால் மனிதர் பொம்மையாகிவிடுவார். எட்டு விஷயத்தில் ஆறு சரியாக இருந்தால் நிறுத்திவிட்டுப் பேச்சுக்குப் போங்கள்.

என்ன சொல்வது, எப்போது அழுத்துவது

எளிதில் பலன் தருவது பார்வையை அனுப்பித் திரும்ப அழைப்பது. "ஜன்னல் ஓரத்த பாருங்க. நான் சொன்னதும் லென்ஸுக்கு வாங்க." இரண்டு மூன்று விநாடி விட்டு, "ம்" என்று சொல்லுங்கள். கண் லென்ஸில் வந்து விழும் அந்த முதல் கணத்தில் முகம் இன்னும் எதையும் தயாரித்திருக்காது. அரை விநாடி போனால் கேமரா முகம் வந்துவிடும். ஆகவே கண் வந்த பிறகு அழுத்த ஆரம்பித்தால் தாமதம்தான். "ம்" என்ற குரலோடேயே மூன்று நாலு படம் தொடர்ச்சியாக ஓடட்டும். கண்ணை மூடி, மூச்சை விட்டு, திறக்கச் சொல்வதும் இதே தத்துவம்தான். அடிக்கடி சிமிட்டுபவர்களுக்கு இது இரட்டை நன்மை, ஏனென்றால் திறந்த கண் உடனே மறுபடி மூடாது.

அடுத்தது கேள்வி. "வேலை எல்லாம் நல்லா போகுதா?" என்றால் "ம், போகுது" என்பார், முடிந்தது. எப்படி, என்ன, எதற்கு என்று விளக்கம் கேட்கும் கேள்விகளைக் கேளுங்கள். அவருடைய வேலையில் புதிதாக வந்தவர்கள் முதலில் செய்யும் தப்பு என்ன? பிள்ளை சின்ன வயதில் எதற்கெல்லாம் அடம்பிடிக்கும்? விடை சொல்ல, நடந்ததை மனதில் ஓட்டிப்பார்க்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கேமரா மறந்துவிடும். விடையை உண்மையிலேயே காதுகொடுத்துக் கேளுங்கள். கேட்கிற மாதிரி நடித்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் பெரும்பாலும் கெடும். சொல்லின் நடுவில் உதடு குவிந்தும் கோணியும் இருக்கும், கண் பாதி மூடியிருக்கும். வாக்கியம் முடியும் இடத்துக்குக் காத்திருங்கள். கடைசிச் சொல் வாயைவிட்டுப் போனதும் உதடு தானாக ஒன்றுசேரும். சொன்ன விஷயத்தின் சாயல் மட்டும் கண்ணில் மிச்சமிருக்கும். ஏறத்தாழ அரை விநாடியிலிருந்து ஒரு விநாடி. போர்ட்ரெய்ட்டுக்கு அதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரிந்து இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் நல்ல முகம் கிடைக்கும். ஆகவே நடுநடுவே நீங்களும் இரண்டு வாக்கியம் பேசுங்கள், பேசிக்கொண்டே அழுத்துங்கள்.

சிரிப்பை நெருங்கிப் பார்த்தால் அதற்குள் நாலைந்து படம் இருக்கிறது. முதலில் வேடிக்கை புரிகிற கணம்: புருவம் சற்று உயரும், மூக்கின் ஓரம் அசையும், வாய் இன்னும் திறந்திருக்காது. பிறகு வெடிப்பு: தலை பின்னால் போகும், கண் கோடாகிவிடும், ஈறு தெரியும், கழுத்து இறுகும். பெரும்பாலானோர் இங்கேதான் அழுத்துகிறார்கள். பார்க்க உற்சாகமாக இருக்கும். ஆனால் படத்தில் இருப்பவருக்கே பிடிக்காமல் போவது இந்தப் படம்தான். அடுத்து மூச்சு வாங்கும் இடம்: தலை பழைய நிலைக்கு வரும், கண் திறக்கும், பெரும்பாலும் உங்களைப் பார்க்கும். கன்னம் இன்னும் உயர்ந்தே இருக்கும், கீழிமையில் சிரிப்பு நிற்கும், உதடு பாதி மூடத் தொடங்கியிருக்கும். அங்கே அழுத்துங்கள், அங்கிருந்து இரண்டு விநாடி விடாமல் தொடருங்கள். கடைசியில் உதட்டை மூடி, ஓரத்தில் மட்டும் சிரிப்பு மிஞ்சும் ஒரு முகம் வரும். அமைதியான படம் கேட்பவர்களுக்கு அதுதான். வெடிப்பில் பர்ஸ்ட் (தொடர் படங்கள்) முழுவதையும் செலவழித்து, நல்ல இடம் வரும்போது கேமரா பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பி நிற்பதும், ஃபிளாஷ் சார்ஜ் ஆகாமல் இருட்டாக வருவதும் அடிக்கடி நடக்கும் இழப்பு. ஃபிளாஷின் சக்தியைக் கால்பங்குக்குக் கீழே வைத்தால் வேகமாகத் தயாராகும்.

நகைச்சுவை வராதவர்கள் துணுக்குச் சொல்லிச் சிரமப்பட வேண்டாம். "பொய்யா, சத்தமா, மூணு விநாடி சிரிங்க" என்று கேட்டு, நீங்களும் கூடவே சிரியுங்கள். பொய்ச்சிரிப்பு அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். அந்த அசட்டுத்தனத்தைப் பார்த்து வரும் இரண்டாவது சிரிப்பு உண்மையானது. முதலாவதை எடுக்காமல் இரண்டாவதை எடுங்கள். மிகவும் கூச்சப்படுபவர்களிடம் இதைத் தொடக்கத்திலேயே முயலாதீர்கள், சங்கடம் கூடும்.

எதுவும் அசையாவிட்டால் உடம்பை அசையுங்கள். நாலடி பின்னால் போய்த் திரும்பி நடந்து வரச் சொல்லலாம். முதுகு காட்டி நின்று சட்டென்று திரும்பச் சொல்லலாம். இரண்டு கையையும் உதறச் சொல்லலாம். புகைப்படக் கலைஞர் ஃபிலிப் ஹால்ஸ்மன் பிரபலங்களைக் குதிக்கச் சொல்லிப் படமெடுத்ததன் காரணமும் இதுதான். குதிப்பவரின் கவனம் முழுக்கக் குதிப்பதில் போய்விடும். முகத்தைக் காவல்காக்க ஆள் இருக்காது.

சிரிக்காத முகம்

எல்லாரையும் சிரிக்கவைக்கத்தான் வேண்டும் என்பதில்லை. சிந்தனையான முகம் பலருக்கு அதிகம் பொருந்தும். ஆனால் "சீரியஸா இருங்க" என்பதும் "சிரிங்க" மாதிரியே பொய்யில் கொண்டுபோய் விடும். புகைப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ் 1941 டிசம்பர் 30 அன்று கனடாவின் ஒட்டாவாவில் எடுத்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் படத்தில் உள்ள அந்தச் சிடுசிடுப்பு கேட்டு வாங்கியதில்லை. வாயிலிருந்த சுருட்டை கார்ஷ் எடுத்துவிட்டார். அதற்கு வந்த எதிர்வினை அது. அப்படி யாரையும் சீண்டும்படி நான் சொல்லமாட்டேன். பாவனை ஒரு செயலுக்குப் பின்னால்தான் வருகிறது என்பதற்குத்தான் சொல்கிறேன்.

மென்மையான வழி உண்டு. "உங்களுக்கு நம்பிக்கையான ஒருத்தர் அந்தக் கதவு வழியா வர்றார்னு நெனச்சுக்கங்க. பேச வேண்டாம், பாத்தா போதும்." அல்லது மனதுக்குள் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லுங்கள், முகம் உள்முகமாகத் திரும்பும். கண் அகலத் திறந்து மிரண்டதுபோல் இருந்தால், மேலிமையை விட்டுவிட்டுக் கீழிமையை மட்டும் துளி உயர்த்தச் சொல்லுங்கள், தூரத்தில் இருப்பதைக் கூர்ந்து பார்ப்பதுபோல. தன்னம்பிக்கையான பார்வை கிடைக்கும். கூடிப்போனால் கூசும் கண்ணாகிவிடும். சிலருக்கு ஓய்வான நிலையிலேயே உதட்டு ஓரம் கீழ்நோக்கி இருக்கும். கோபம் இல்லாமலே கோபமாகத் தெரிவார்கள். அவர்களிடம் சிரிப்பு வடியும் கடைசிக் கட்டத்தை எடுங்கள்.

ஒருவருக்கு மேல் இருந்தால்

இரண்டு பேர் இருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். எதிர்வினைக்கு ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். ஒருவர் காதில் இன்னொருவர் ஏதாவது கிசுகிசுக்கட்டும். கேட்பவர் முகத்தில் ஃபோகஸ் வையுங்கள், சொல்பவர் முகம் பாதி மறைந்திருக்கும். ஒரே நேரத்தில் காலெடுத்து வைத்து நடக்கச் சொல்லுங்கள். தப்பும்போது இருவரும் சிரிப்பார்கள். மிக நெருக்கத்தில் கண்ணுக்குக் கண் பார்க்கச் சொன்னால் மாறுகண்ணாகத் தெரியும். நெருக்கம் வேண்டுமென்றால் நெற்றி சேர்ந்து, கண் மூடியோ கீழே பார்த்தோ இருக்கட்டும்.

குழுவில் எப்படியும் ஒருவர் சிமிட்டுவார். எல்லாரும் கண்ணை மூடி, சொன்னதும் திறக்கட்டும். உடனே நாலைந்து படம் எடுத்துவிடுங்கள். "முடிஞ்சுது, நன்றி" என்று சொன்னபின் கேமராவை இறக்காதீர்கள். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துத் தளரும் அந்த ஐந்து விநாடியில், வரிசையாக நின்ற படத்தைவிட நல்லது கிடைக்கக்கூடும்.

குழந்தைகள் தனி உலகம். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த பிறகு கிடைக்கும் பதினைந்து இருபது நிமிடம்தான் நேரம்; அதைத் தாண்டி இழுக்காதீர்கள். விளையாட்டுக் காட்டும் அம்மாவோ அப்பாவோ உங்கள் முதுகுக்குப் பின்னால், தலைக்கு நேர் மேலே எட்டிப்பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்று கைதட்டினால் குழந்தையின் கண் எல்லாப் படத்திலும் ஓரமாக ஓடியிருக்கும். நாலைந்து பேர் ஒரே சமயம் பெயர்சொல்லிக் கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். இரண்டு முதல் நாலு வயதுவரை "சிரிக்கவே கூடாது, யாரு ஜெயிக்கறாங்கன்னு பாப்போம்" என்ற விளையாட்டு ஏறக்குறையத் தவறாது. ஆறு வயதுக்கு மேல் கேமராவைக் கண்டதும் பல்லைக் கடித்து இளிக்கும் பழக்கம் வந்திருக்கும். முதலில் கோரமுகம், பயந்த முகம், தூங்கும் முகம் என்று வரிசையாகக் கேளுங்கள். ஒரு முகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் வருவதுதான் உங்களுக்கு வேண்டியது. எல்லாவற்றையும் குழந்தையின் கண் உயரத்தில் உட்கார்ந்து எடுங்கள். பதின்வயதினரிடம் சிரிப்பே கேட்கவேண்டாம். பெற்றோரைப் பத்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

முதியவர்களுக்குக் கையுள்ள நாற்காலி, மெதுவான வேகம், காது கேட்கும்படியான குரல். பல் இல்லாததோ பல்செட்டோ சிலருக்குச் சங்கடம். வாய் மூடிய புன்னகையே போதும். அவர் கை செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் கையும் பேசும், முகமும் பேசும்.

மூக்குக்கண்ணாடி அணிபவரைக் கழற்றச் சொல்லாதீர்கள். அது இல்லாமல் அவர் அவராகத் தெரியமாட்டார். விளக்கை இன்னும் உயர்த்துங்கள், காதோரக் கம்பியைச் சற்றுத் தூக்கி வைத்தால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு போய்விடும்.

அலுவலகப் படம் மாதிரி ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான் என்றால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதல் நிமிடம் கேமரா இல்லாமல் பேச்சும், உடை, முடி சரிபார்ப்பும். அடுத்து மூச்சை விடும் படங்கள். பிறகு பார்வையை அனுப்பி அழைப்பது ஐந்தாறு தடவை. பிறகு அவர் வேலையைப் பற்றி ஒரு கேள்வி, விடை முடியும் இடங்களில் படம். கடைசியாக "முடிஞ்சுது" என்ற பின் வரும் முகம். முப்பது நாற்பது படம் போதும்.

தேர்வு செய்யும்போது

படத்தைத் திரையில் பெரிதாக்கி, கையால் வாயை மறைத்துக் கண்ணை மட்டும் பாருங்கள். பிறகு கண்ணை மறைத்து வாயை மட்டும். இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா? வாய் சிரித்துக் கண் கவலைப்பட்டால் அந்தப் படத்தைத் தள்ளுங்கள், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும். எதிர்வழக்கும் உண்டு. கொஞ்சம் மங்கலான, முடி கலைந்த படத்தில் இரண்டும் ஒத்துப்போனால் அதைத்தான் நான் வைத்துக்கொள்வேன்.

திருத்தம் செய்யும்போது கண்ணோரச் சுருக்கத்தையும் கீழிமைக்கு அடியில் வரும் மடிப்பையும் முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். மேலே சொன்ன கண் தசை வேலை செய்ததற்கு அடையாளமே அவைதான். அவற்றை அழித்தால் நிஜச் சிரிப்பு போஸ் சிரிப்பாக மாறிவிடும். ஆழத்தைச் சற்றுக் குறைக்கலாம், அவ்வளவே.

எல்லாம் சரியாக வந்தும் படத்தில் இருப்பவர் "நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்கக்கூடும். நாம் நம் முகத்தை அன்றாடம் பார்ப்பது கண்ணாடியில், இடம்வலம் மாறி. 1977-ல் வெளியான ஓர் ஆய்வில், தம் படத்தின் இரண்டு வடிவங்களைக் காட்டியபோது பங்கேற்றவர்கள் கண்ணாடி வடிவத்தையே அதிகம் விரும்பினர். நெருங்கியவர்களோ மாற்றாத படத்தை விரும்பினர். பழகிய வடிவம் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஆகவே எண்பது படத்தைக் கொட்டிக் காட்டாமல் எட்டைத் தேர்ந்து காட்டுங்கள். அவரை நன்றாக அறிந்த ஒருவரும் உடன் உட்காரட்டும். எட்டும் ஒரே மாதிரிச் சிரிப்பாக இல்லாமல் ஒன்று வெடிப்பு, இரண்டு மூன்று வடியும் சிரிப்பு, இரண்டு சிரிக்காதது என்று இருக்கட்டும். வேண்டாம் என்று அவர் ஒதுக்கும் படத்தை எங்கும் பகிராதீர்கள். அடுத்த முறை கேமரா முன் அவர் எவ்வளவு தளர்வாக வந்து உட்காருவார் என்பது இதைப் பொறுத்தது.